1984: பிரிட்டனில் முதலிடம் பிடித்த 15 பாடல்கள்

“ஓர் ஐரோப்பிய நாட்டில் ஒரே ஆண்டில் முதலிடம் பிடித்த பாப் பாடல்களை மட்டும் வரிசையாகக் கேட்டு அந்த ஆண்டைப் புரிந்துகொள்ள முடியுமா? முடியுமென்றால் எந்த நாட்டை, எந்த ஆண்டைத் தேர்ந்தெடுப்பீர்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரிட்டனையும் 1984ஆம் ஆண்டையும் தேர்ந்தெடுப்பேன். பழைய இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்கும் பழக்கம் உள்ளவன் என்பதால் வேறு சில ஆண்டுகளின் பட்டியல்களையும் இப்படி முதலிலிருந்து கடைசிவரை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் காதல் பாட்டும் ஆட்டப் பாட்டும் மாறி மாறி வருமே தவிர, காலத்தின் சுவடு அவ்வளவாகத் தெரியாது. 1984 அப்படியில்லை. அந்த ஆண்டின் 52 வாரங்களில் 15 பாடல்களே முதலிடத்தில் இருந்தன. அணு ஆயுதப் போர் பற்றிய அச்சம், வானொலித் தடை, எத்தியோப்பியப் பஞ்சம் ஆகிய மூன்றுமே அந்தப் பதினைந்துக்குள் அடக்கம். ஆண்டின் மிகப் பெரிய உள்நாட்டு நிகழ்வு மட்டும் அதில் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாடல்களுக்குப் போகும் முன் பட்டியல் எப்படித் தயாரானது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பலர் ‘முதலிடம்’ என்பதை ‘மக்கள் மிகவும் விரும்பிய பாட்டு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அன்று கணக்கில் சேர்ந்தது விற்பனை மட்டுமே. ஒரு பாட்டு வானொலியில் எத்தனை முறை ஒலித்தாலும் பட்டியலுக்கு அது பொருட்டில்லை. கடைக்குப் போய்க் காசு கொடுத்து, ஒற்றைப் பாட்டுக்காக வெளியிடப்படும் ‘சிங்கிள்’ இசைத்தட்டை வாங்கினால்தான் கணக்கு. 1983ஆம் ஆண்டின் தொடக்கம்வரை தேர்ந்தெடுத்த கடைக்காரர்கள் விற்பனையைக் கையால் எழுதி அனுப்பினார்கள். அதன்பின் கேலப் நிறுவனம் பொறுப்பேற்று, கடைகளிலேயே மின்னணுக் கருவியை வைத்துத் தகவல் திரட்டத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை புதிய பட்டியல் வானொலியில் அறிவிக்கப்படும்; வியாழக்கிழமை பிபிசி தொலைக்காட்சியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சி அதைக் காட்சியாக்கி வீடுதோறும் கொண்டு சேர்க்கும். ஒரே ஆள் ஒரே பாட்டின் இரண்டு வடிவங்களை வாங்கினால் அது இரண்டு விற்பனைதான் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டின் முதல் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது, முந்தைய கிறிஸ்துமஸிலிருந்து நீடித்துவந்த ‘ஒன்லி யூ’. யாஸூ என்ற இரட்டையரின் மின்னிசைப் பாட்டை, ஃபிளையிங் பிக்கெட்ஸ் என்ற குழு வாத்தியமே இல்லாமல் வெறும் குரல்களால் பாடிய வடிவம் அது. அடுத்த இரண்டு வாரங்கள் பால் மெக்கார்ட்னியின் ‘பைப்ஸ் ஆஃப் பீஸ்’. பீட்டில்ஸ், விங்ஸ் குழுக்களோடும் ஸ்டீவி வொண்டரோடும் சேர்ந்து முதலிடம் கண்டவர், முற்றிலும் தனிப் பெயரில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது இந்த ஒரு பாட்டில்தான். 1914 கிறிஸ்துமஸ் நாளில் பிரிட்டிஷ், ஜெர்மானிய வீரர்கள் பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்து கைகுலுக்கிக்கொண்ட நிகழ்வை அதன் காணொளி நடித்துக் காட்டுகிறது. சமாதானத்தை மெக்கார்ட்னி சற்று இனிப்பாகவே பரிமாறுகிறார் என்பது என் எண்ணம்; ஆனாலும் ஆண்டு முழுவதும் தொடரப்போகும் ஒரு பேச்சை அந்தப் பாட்டுதான் தொடங்கிவைத்தது.

அடுத்து வந்தது ‘ரிலாக்ஸ்’. லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் இந்தப் பாட்டைப் பற்றி ஒரு கதை எங்கும் சொல்லப்படுகிறது: பிபிசியின் ரேடியோ 1 வானொலி அறிவிப்பாளர் மைக் ரீட் பாட்டின் பாலியல் பொருளைக் கண்டு அதிர்ந்து ஒலிபரப்ப மறுத்தார், பிபிசி தடை விதித்தது, தடையாலேயே பாட்டு முதலிடத்துக்குப் போனது என்பது அந்தக் கதை. தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கதை முழுதாக நிற்கவில்லை. 1983 இறுதியில் வெளியாகிப் பட்டியலின் அடிப்பகுதியில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்த பாட்டு, ஜனவரி முதல் வாரத்தில் 35ஆம் இடத்தில் இருந்தது. ஜனவரி 5 அன்று அந்தக் குழு ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ மேடையேறியது. அடுத்த பட்டியலிலேயே பாட்டு 6ஆம் இடத்துக்குத் தாவியது. மைக் ரீட் மறுத்தது அதற்குப் பிறகு, ஜனவரி 11 அன்று. ஆகவே பாட்டை உயரத்தில் ஏற்றிவிட்டது பிபிசியின் தொலைக்காட்சி. தடை போட்டது அதே பிபிசியின் வானொலி. தடை செய்த வேலை வேறு: ஏறிக்கொண்டிருந்த பாட்டை 5 வாரங்கள் முதலிடத்தில் நிற்க வைத்ததோடு, நாட்டின் முதலிடப் பாடலையே காட்ட முடியாத தர்மசங்கடத்தில் அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை வாரக்கணக்கில் மாட்டிவிட்டது. குவீனின் ‘ரேடியோ கா கா’வும் சிண்டி லாப்பரின் முதல் பெரும் வெற்றியும் அப்போது ‘ரிலாக்ஸ்’ வழிவிடாததால் இரண்டாம் இடத்தோடு திரும்பின.

மார்ச்சில் மேற்கு ஜெர்மனியின் நேனா குழு ‘99 ரெட் பலூன்ஸ்’ பாட்டோடு 3 வாரங்கள் முதலிடத்தில் அமர்ந்தது. மேற்கு பெர்லினில் நடந்த ரோலிங் ஸ்டோன்ஸ் நிகழ்ச்சியில் பறக்கவிடப்பட்ட பலூன்களைப் பார்த்த கிதார் கலைஞர் கார்லோ கார்கெஸுக்கு, அவை எல்லையைத் தாண்டிப் போனால் ராணுவ ராடார்கள் என்ன நினைக்கும் என்று தோன்றியதே பாட்டின் வித்து. துள்ளலான மெட்டு, உலகம் அழியும் கதை. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1983 நவம்பரில்தான் இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் விமானதளத்துக்கு அமெரிக்காவின் அணு ஆயுத குரூஸ் ஏவுகணைகள் வந்திறங்கியிருந்தன. தளத்தின் வேலிக்கு வெளியே பெண்கள் முகாமிட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். பாட்டை வாங்கிய பிள்ளைகள் எல்லாரும் இதை எண்ணி வாங்கினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைய செய்திகளோடு அந்தப் பாட்டைப் பொருத்திப் பார்க்க அவர்களுக்கு யாரும் விளக்கவுரை எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

லயோனல் ரிச்சியின் ‘ஹலோ’ 6 வாரங்களும், டுரான் டுரானின் ‘தி ரிஃப்ளெக்ஸ்’ 4 வாரங்களும், ஜார்ஜ் மைக்கேல், ஆண்ட்ரூ ரிட்ஜ்லி இருவரின் குழுவான வாமின் ‘வேக் மீ அப் பிஃபோர் யூ கோ-கோ’ 2 வாரங்களும் அடுத்தடுத்து முதலிடத்தில் இருந்தன. இவற்றுள் ‘தி ரிஃப்ளெக்ஸ்’ மட்டும் ஒரு தொழில் நுணுக்கத்துக்காகக் கவனிக்கத் தக்கது. இசைத்தொகுப்பில் ஏற்கெனவே இருந்த பாட்டை தயாரிப்பாளர் நைல் ராட்ஜர்ஸ் பிரித்து மறுகலவை (ரீமிக்ஸ்) செய்து தந்த வடிவமே சிங்கிளாக வந்து வென்றது. மறுகலவை என்பதுதான் அந்த ஆண்டின் கோடைக்காலம் முழுவதையும் விளக்கும் சாவி.

ஜூன் 16ஆம் தேதிப் பட்டியலில் ஃபிராங்கியின் இரண்டாவது பாட்டு ‘டூ டிரைப்ஸ்’ நேராக முதலிடத்திலேயே நுழைந்து, 9 வாரங்கள் அசையாமல் இருந்தது. 1980களில் பிரிட்டனில் வேறெந்த சிங்கிளும் அவ்வளவு காலம் முதலிடத்தில் இருந்ததில்லை. இரு வல்லரசுகளின் போரைப் பற்றிய பாட்டு அது. காட்லி, கிரீம் இருவரும் இயக்கிய காணொளியில் அமெரிக்க அதிபர் ரேகன் போன்றும் சோவியத் தலைவர் செர்னென்கோ போன்றும் தோற்றமுள்ள இருவர் குத்துச்சண்டை மேடை போன்ற களத்தில் கட்டிப்புரள்வார்கள். அணுகுண்டு விழுந்தால் என்ன செய்வது என்று பொதுமக்களுக்குச் சொல்ல பிரிட்டிஷ் அரசு தயாரித்துவைத்திருந்த படங்களுக்குக் குரல் கொடுத்த பேட்ரிக் ஆலன் என்ற நடிகரையே அழைத்து, அதே பாணி அறிவிப்புகளை இசைத்தட்டிலும் பேச வைத்தார்கள். பிணத்தை எப்படிச் சுற்றிவைப்பது என்று ஓர் அரசு அறிவிப்பாளரின் நிதானத்தோடு சொல்லும் குரலுக்கு நடன அரங்குகளில் ஆடினார்கள் என்பதை இன்று கேட்கும்போதுதான் உடல் சிலிர்க்கிறது. அந்த 9 வாரங்களில் கடைசி வாரத்துப் பட்டியலின் தேதி ஆகஸ்ட் 11. அதே நாளில்தான் ரேகன், வானொலி உரைக்கு முன் ஒலிவாங்கியைச் சோதிக்கும்போது, ரஷ்யாவைச் சட்டவிரோதமாக்கிவிட்டதாகவும் ஐந்து நிமிடத்தில் குண்டுவீச்சு தொடங்கும் என்றும் வேடிக்கையாகச் சொல்லி, அது வெளியே கசிந்தது. யாரும் திட்டமிட்டு இவ்வளவு பொருத்தமாக அமைத்திருக்க முடியாது.

ஆனால் 9 வாரங்களையும் அச்சமே சாதித்தது என்று சொன்னால் வியாபாரத்தை மறைத்ததாகும். தயாரிப்பாளர் டிரெவர் ஹார்னும் விளம்பரத்துக்குப் பொறுப்பாக இருந்த பால் மார்லியும் சேர்ந்து நடத்திய இசட்டிடி நிறுவனம், ஒரே பாட்டைப் பன்னிரண்டு அங்குலத் தட்டுகளில் வெவ்வேறு மறுகலவைகளாகக் கடைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே வாங்கியவர் மறுபடி வாங்கினார். மேலே சொன்ன கணக்கின்படி ஒவ்வொன்றும் தனி விற்பனை. பெரிய எழுத்தில் வாசகம் அச்சிட்ட ஃபிராங்கி பனியன்கள் தெருவெங்கும் நடமாடின. ஜூலையில் ‘ரிலாக்ஸ்’ மீண்டும் மேலேறி இரண்டாம் இடத்துக்கு வர, முதல் இரண்டு இடங்களும் ஒரே குழுவின் கையில் இருந்தன. டிசம்பரில் ‘தி பவர் ஆஃப் லவ்’ ஒரு வாரம் முதலிடம் பிடித்தபோது, முதல் மூன்று சிங்கிள்களும் முதலிடம் கண்ட குழு என்ற சாதனையில், 1963இல் அதைச் செய்திருந்த ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் குழுவோடு ஃபிராங்கியும் சேர்ந்துகொண்டது. அவர்களும் லிவர்பூல்காரர்களே.

‘டூ டிரைப்ஸ்’ இறங்கியதும் ஏறியது ஜார்ஜ் மைக்கேலின் ‘கேர்லெஸ் விஸ்பர்’. பதின்பருவத்தில் ஆண்ட்ரூ ரிட்ஜ்லியோடு சேர்ந்து எழுதிய இந்தப் பாட்டை, அவர் முதலில் அமெரிக்காவின் அலபாமாவில், மூத்த தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லரிடம் பதிவு செய்தார். முடிவு பிடிக்கவில்லை. இருபதைத் தாண்டிய வயதில் அப்படிப்பட்டவரின் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு லண்டன் திரும்பித் தாமே தயாரித்தார்; சாக்ஸபோன் பகுதிக்குப் பலரை முயன்றபின் ஸ்டீவ் கிரெகரி வாசித்ததை ஏற்றார். நாம் இன்றுவரை கேட்பது அதைத்தான். அந்தப் பிடிவாதம்தான் என்னைப் பொறுத்தவரை அந்த ஆண்டின் மிகச் சிறந்த இசை முடிவு.

ஸ்டீவி வொண்டரின் ‘ஐ ஜஸ்ட் கால்ட் டு சே ஐ லவ் யூ’ 6 வாரங்கள் இருந்தது. அவருடைய ஆழமான படைப்புகள் எதுவும் எட்டாத முதலிடத்தை இந்த எளிய பாட்டு எட்டியதில் அவருடைய ரசிகர்களுக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு, எனக்கும் உண்டு. வாமின் ‘ஃப்ரீடம்’ 3 வாரங்கள். சாக்கா கானின் ‘ஐ ஃபீல் ஃபார் யூ’ 3 வாரங்கள்: பிரின்ஸ் எழுதிய பாட்டு, மெல்லி மெல்லின் ராப், ஸ்டீவி வொண்டரின் ஹார்மோனிகா என்று மூன்று தலைமுறைக் கறுப்பின இசை ஒரே தட்டில் கூடியது. நேனாவை விட்டால், அந்த ஆண்டு முழுவதிலும் முதலிடம் கண்ட பெண் தலைமைக் குரல் இவர் ஒருவர்தான்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஸ்காட்லாந்துப் பாடகர் ஜிம் டயமண்ட் முதலிடம் பிடித்தார். தம் வாழ்நாளில் தனியாக அவர் கண்ட ஒரே முதலிடம் அது. அந்த மகிழ்ச்சியிலேயே, அடுத்த வாரம் என் தட்டை வாங்காதீர்கள், பேண்ட் எய்டின் தட்டை வாங்குங்கள் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். அக்டோபர் 23 அன்று பிபிசி செய்தியில் மைக்கேல் பியர்க் எத்தியோப்பியாவின் கோரெமிலிருந்து அளித்த பஞ்சச் செய்தியைப் பார்த்த பாப் கெல்டாஃப், மிட்ஜ் யூருடன் சேர்ந்து எழுதிய பாட்டு ‘டூ தே நோ இட்ஸ் கிறிஸ்துமஸ்?’. நவம்பர் 25 அன்று லண்டன் நாட்டிங் ஹில்லில் உள்ள சார்ம் வெஸ்ட் கூடத்தில் முன்னணிப் பாடகர்கள் பேண்ட் எய்ட் என்ற பெயரில் கூடி அதைப் பாடினார்கள். ‘கேர்லெஸ் விஸ்பர்’ இறுதி வடிவம் பெற்றதும், டிரெவர் ஹார்ன் ஃபிராங்கியை வைத்து உழைத்ததும் அதே கூடத்தில்தான். டிசம்பர் 15 பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்த பாட்டு 30 லட்சத்துக்கு மேல் விற்று, 1997வரை பிரிட்டனில் மிக அதிகம் விற்ற சிங்கிளாக இருந்தது. விற்பனை வரியை விட்டுக்கொடுக்க முதலில் மறுத்த தாட்சர் அரசு, பிறகு அதற்கு ஈடான தொகையை அளித்தது. பாட்டின் தலைப்புக் கேள்வி அபத்தமானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான்காம் நூற்றாண்டிலேயே கிறித்தவத்தை ஏற்ற நாடு எத்தியோப்பியா, அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7 அன்று வருகிறது.

இனி, பட்டியலில் இல்லாததைச் சொல்கிறேன். 1984 மார்ச்சில் தொடங்கி ஓர் ஆண்டு நீடித்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பிரிட்டனையே இரண்டாகப் பிளந்தது. வேலையில்லாதோர் 30 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். பதினைந்து பாடல்களில் ஒன்றுகூட இதைத் தொடவில்லை. இடம் விட்டு இடம் சென்று மறியல் செய்யும் வேலைநிறுத்தக்காரர்களைக் குறிக்கும் பெயரைச் சூடியிருந்த ஃபிளையிங் பிக்கெட்ஸ், வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே முதலிடத்திலிருந்து இறங்கிவிட்டது. வல்லரசுகளின் போரையும் தொலைதூரப் பஞ்சத்தையும் பாட முடிந்தது. அடுத்த ஊரில் போலீஸும் தொழிலாளரும் மோதியதைப் பாடியவை சிறு அரங்குகளிலேயே நின்றுவிட்டன. எனவே, அந்த ஆண்டை இந்தப் பட்டியலால் புரிந்துகொள்ள நினைப்பவர் செய்தித்தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டியல் என்பது அளவுகோலைப் பொறுத்தது என்பதற்கு அந்த ஆண்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பேண்ட் எய்டுக்குப் பின்னால் ஐந்து வாரங்கள் இரண்டாம் இடத்தில் நின்றது வாமின் ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’. அதன் உரிமத்தொகையையும் அந்தக் குழு எத்தியோப்பிய நிவாரணத்துக்கே கொடுத்தது. 10 லட்சத்துக்கு மேல் விற்றும் முதலிடம் காணாத அந்தப் பாட்டு, இணையத்தில் கேட்கப்படும் எண்ணிக்கையும் கணக்கில் சேர்க்கப்பட்ட பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் மேலேறத் தொடங்கி, 2021 ஜனவரி 1 அன்று முதன்முறையாக முதலிடம் பிடித்தது. ஜார்ஜ் மைக்கேல் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார்.