எண்ணில் சேர்ப்பதும் நீக்குவதும்: உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் கணக்கு பற்றிய கேள்வி பதில்

போராலும் வன்முறையாலும் வீட்டைவிட்டு ஓடி, நாட்டின் எல்லையைத் தாண்டாமல் உள்ளேயே இருப்பவர்களை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் என்பது பற்றித்தான் இந்த அமர்வு. எல்லை தாண்டியவர்கள் அகதிகள். அவர்களுக்குச் சட்டமும் கணக்கும் வேறு. கேள்வி அனுப்பும்போது எந்தக் குடும்பத்தின் பெயரையும், அவர்கள் இப்போது இருக்கும் இடத்தையும் எழுத வேண்டாம். வந்தால் அழித்துவிடுவேன்.

இதழியல் மாணவர்: 2024 இறுதியில் உலகில் 8.34 கோடிப் பேர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள் என்று படித்தேன். இத்தனை பேரும் அந்த ஒரே ஆண்டில் இடம்பெயர்ந்தவர்களா?

இல்லை. 2024 டிசம்பர் 31 அன்று இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்கள் அத்தனை பேர். ஜெனீவாவில் உள்ள உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையம் வெளியிட்ட கணக்கு அது. அதில் 7.35 கோடிப் பேர் மோதலாலும் வன்முறையாலும் வந்தவர்கள், மற்றவர்கள் பேரிடர்களால். 2003இல் சூடானின் டார்ஃபூர் பகுதியில் ஊரைவிட்டு ஓடி இன்னமும் திரும்பாதவரும் இதில்தான் வருவார்.

இதே மையம் இன்னொரு எண்ணும் தருகிறது: ஓர் ஆண்டில் நடந்த இடப்பெயர்வுகள். 2024இல் மோதலால் மட்டும் 2.01 கோடி. இது நபர்களின் எண்ணிக்கை அல்ல, நகர்வுகளின் எண்ணிக்கை. ஐந்து பேர் உள்ள குடும்பம் கிழக்குக் காங்கோவில் ஒரே ஆண்டில் மூன்று முறை ஓடினால் நகர்வு 15, நபர்கள் 5. முதல் எண்ணை இருப்பு என்றும் இரண்டாவதை நகர்வு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டின் இருப்பையும் அடுத்த ஆண்டின் நகர்வையும் கூட்டக்கூடாது. செய்தித்தாளில் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

கோவை வாசகர்: சூடானில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது யார் போய் வீடு வீடாக எண்ணுகிறார்கள்? நம்பும்படி இல்லையே, சார்.

யாரும் வீடு வீடாக எண்ணுவதில்லை. உங்கள் சந்தேகம் சரியான இடத்தில் வந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அங்கே கணக்கெடுப்பது ஐ.ஓ.எம். (புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு) நடத்தும் டி.டி.எம். என்ற இடப்பெயர்வுக் கண்காணிப்பு ஏற்பாடு. 2004இல் ஈராக்கில் தொடங்கியது. நாட்டை நிர்வாகப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் இடம்பெயர்ந்தோர் வந்து சேர்ந்த ஊர், பள்ளிக்கூடம், முகாம், நகரத்தின் வாடகைப் பகுதி ஆகியவற்றைப் பட்டியலிடுவார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் விவரம் தெரிந்த ஆட்களைப் பிடிப்பார்கள்: ஷேக், உம்தா போன்ற ஊர்த் தலைவர்கள், ஆசிரியர், சுகாதாரப் பணியாளர், கஞ்சித்தொட்டி நடத்தும் தன்னார்வலர். ஒருவரிடம் மட்டும் கேட்டு முடித்துவிடக் கூடாது. முக்கியமாகக் கேட்பவை நான்கு: எத்தனை குடும்பங்கள், எந்த ஊரிலிருந்து, எப்போது, ஏன். பெரும்பாலும் குடும்ப எண்ணிக்கையைச் சராசரிக் குடும்ப அளவால் பெருக்கித்தான் ஆள்கணக்கு வருகிறது. சராசரியை 5 என்பதற்குப் பதில் 6 என்று வைத்தாலே மொத்தம் 20 சதவீதம் ஏறிவிடும். ஆகவே குடும்ப எண்ணிக்கை தரப்பட்டிருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

எங்கே பிழை வருகிறது? வந்த ஊரில் உடனே சேர்த்துவிடுகிறார்கள், விட்டுப்போன ஊரில் கழிக்க மறந்துவிடுகிறார்கள். அடுத்த சுற்றுக் கணக்கு வரும்வரை ஒரே குடும்பம் இரண்டு இடத்தில் இருக்கும். நிவாரணம் வரும் என்ற எதிர்பார்ப்பில் ஊர்த் தலைவர் கூட்டிச் சொல்வது இன்னொன்று. இதற்கு நேர்மாறானதை யாரும் பேசுவதில்லை. நகரத்தில் உறவினர் வீட்டின் பின்னறையில் இருப்பவர்களை எந்தத் தலைவருக்கும் தெரியாது, அதனால் அவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. முகாம் கண்ணுக்குத் தெரியும், பின்னறை தெரியாது.

ஒரு நிகழ்வைக் கிட்ட வைத்துப் பாருங்கள். வடக்கு டார்ஃபூரின் ஸம்ஸம் முகாமை 2025 ஏப்ரலில், சூடான் இராணுவத்தோடு போரிடும் துணை இராணுவப் படையான ஆர்.எஸ்.எஃப். தாக்கிப் பிடித்தது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் சில நாட்களில் வெளியேறினார்கள். மிகப் பெரும்பான்மையோர் தவீலா பக்கம் போனார்கள். இவர்களில் ஏராளமானோர் ஏற்கெனவே இடம்பெயர்ந்தோர் கணக்கில் இருந்தவர்கள். ஆகவே சூடானின் மொத்த இருப்பு அதற்கு ஈடாக ஏறவில்லை, நகர்வுக் கணக்கு மட்டும் ஏறியது. மொத்தம் மாறவில்லையே, நிலைமை மோசமாகவில்லை போலும் என்று அந்த வாரத்தை ஒருவர் வாசித்தால் எவ்வளவு தவறாகிவிடும் பாருங்கள்.

வவுனியா வாசகி: ஐயா, என்ர மாமாவின்ர குடும்பத்தோட 2009க்குப் பிறகு தொடர்பில்லை. இந்தக் கணக்கெடுப்புக்காரரிட்ட பேர் இருக்குமோ?

இருக்காது, அம்மா. நான் மேலே சொன்ன ஏற்பாட்டில் பெயரே எடுப்பதில்லை. பிரிந்தவர்களைத் தேடும் வேலை செஞ்சிலுவைச் சங்கத்துடையது. உங்கள் மாவட்டக் கிளையில் குடும்பத் தொடர்பை மீட்கும் பிரிவு எது என்று கேளுங்கள். காணாமல் போனோர் அலுவலகத்திலும் முறைப்பாடு கொடுக்கலாம். கடைசியாகப் பார்த்த இடம், தேதி, உடன் இருந்தவர்கள், அடையாள அட்டை எண் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். முகநூலில் படத்தோடு போடாதீர்கள்.

தன்னார்வ மருத்துவக் குழுவில் உள்ளவர்: திடீரென்று ஒரு திடலில் ஆயிரக்கணக்கானோர் கூடாரம் போட்டுவிட்டார்கள். பதிவு இல்லை. இரண்டு நாளில் மக்கள்தொகை மதிப்பீடு வேண்டும். என்ன செய்வது?

கட்ட முறை போதும். முகாமின் விளிம்பை ஜி.பி.எஸ். கருவியோடு சுற்றி நடந்து பரப்பைக் கண்டுபிடியுங்கள். வரைபடத்தின் மேல் கண்ணை மூடிக் கல் போடுவது போல், எந்த விருப்பமும் இல்லாமல் குறைந்தது 15 புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் 25 மீட்டருக்கு 25 மீட்டர் சதுரம் போடுங்கள். 100 மீட்டர் கயிற்றில் 25 மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டால் வேலை சுலபம். மூலைவிட்டம் 35 மீட்டரைக் கொஞ்சம் தாண்டினால் சதுரம் சரி. அதற்குள் உள்ள ஒவ்வொரு கூடாரத்திலும் "நேற்று இரவு இங்கே படுத்தவர்கள் எத்தனை பேர், அதில் ஐந்து வயதுக்குக் கீழ் எத்தனை" என்று கேளுங்கள். "இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்" என்று கேட்டால் வேறு ஊரில் உள்ள மகனும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுவான். கோட்டின் மேல் நிற்கும் கூடாரத்தில் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் சேருங்கள், இல்லையென்றால் விடுங்கள். இந்த விதியை நடுவில் மாற்றக் கூடாது.

எடுத்துக்காட்டாக, பரப்பு 1,87,500 சதுர மீட்டர். ஒரு கட்டம் 625 என்றால் 300 கட்டங்கள். ஒரு கட்டத்துக்குச் சராசரி 21 பேர் என்றால் மொத்தம் 6,300. இதை இன்னொரு வழியில் சரிபாருங்கள். போலியோ சொட்டு மருந்து 1,080 குழந்தைகளுக்குப் போயிருக்கிறது, பிறகு விசாரித்ததில் பத்தில் ஒன்பது குழந்தைகள்தான் பெற்றிருக்கிறார்கள் என்றால், ஐந்து வயதுக்குக் கீழ் 1,200 பேர். கட்டங்களில் அந்த வயதினர் ஐந்தில் ஒரு பங்கு என்று வந்திருந்தால் மொத்தம் 6,000. இரண்டும் அருகருகே இருக்கின்றன, நம்பலாம். இரண்டுக்கும் நடுவே பாதிக்குப் பாதி வேறுபாடு வந்தால் பரப்பை அளந்ததில் தவறு இருக்கும். சந்தையையும் வெற்றுத் திடலையும் சேர்த்து அளந்திருப்பீர்கள், அல்லது நெரிசலான பகுதியையும் கலைந்த பகுதியையும் ஒன்றாகப் போட்டிருப்பீர்கள். அவற்றைத் தனித்தனியே அளந்து கூட்டுங்கள்.

பெயர் எழுதாதீர்கள். இந்த வேலைக்குப் பெயர் தேவையே இல்லை.

பெயர் சொல்லாதவர்: ஐந்து ஆண்டு நகர்வுகளைக் கூட்டினால் மொத்த இடம்பெயர்ந்தோர் எண்ணிக்கை வருமா?

வராது. முதல் பதிலைப் படியுங்கள்.

புத்தளம் வாசகர்: எங்கட வாப்பாவை 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து புலிகள் வெளியேற்றினாங்க. நான் புத்தளத்தில் பிறந்தவன். நான் இடம்பெயர்ந்தவனா இல்லையா?

இந்தக் கேள்விக்காகவே இந்த அமர்வை வைக்கலாம். 2020 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்ற பரிந்துரைகளின்படி, பெற்றோர் இடம்பெயர்ந்த பிறகு அவர்களுக்குப் பிறந்த பிள்ளை, கணக்கு அட்டவணையில் "இடம்பெயர்ந்தோரைச் சார்ந்த மக்கள்" என்ற தனிப் பத்தியில் வர வேண்டும். நீங்கள் ஓடவில்லை, ஓட வைத்ததன் விளைவுக்குள் பிறந்தீர்கள். நாடுகள் இதை ஒரே மாதிரி செய்வதில்லை. ஜார்ஜியாவில் பெற்றோரில் ஒருவர் இடம்பெயர்ந்தவராக இருந்தால் போதும். அசர்பைஜானில் தந்தை வழியே போகிறது.

யாழ்ப்பாண வாசகர்: இது சரியில்லை, ஐயா. முப்பத்தஞ்சு வருசம் ஆகுது. புத்தளத்தில வீடு, கடை, பள்ளிவாசல் எல்லாம் இருக்கு. இப்பிடி எண்ணினால் பேரப்பிள்ளைகளையும் சேர்க்கோணும். கணக்கு முடியவே முடியாதே.

புத்தளம் வாசகர்: காணி உறுதி யாழ்ப்பாணத்தில்தான் கிடக்கு. பிள்ளைகள் கலியாணம் முடிச்சு எங்கட குடும்பம் இப்ப நாலு உப குடும்பம். மீள்குடியேற்றம் எண்டால் ஒரு வளவில் நாலு வீடு கட்டுறதா?

இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். யாழ்ப்பாணத்து நண்பர் கேட்பது, வாழ்க்கை நிலைபெற்றுவிட்டதா என்று. புத்தளத்து நண்பர் கேட்பது, எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று. 1998இல் வந்த, உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகள் இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கின்றன: சொந்த ஊருக்குத் திரும்பலாம், நாட்டின் வேறு பகுதியில் குடியேறலாம் என்பது 28ஆம் கோட்பாடு. எதைத் தேர்ந்தாலும் சொத்தை மீட்க உதவ வேண்டும், அது முடியாதபோது ஈடு கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது 29. புத்தளத்தில் கடை வைத்ததால் யாழ்ப்பாணத்துக் காணி உரிமை போய்விடாது.

பேரப்பிள்ளைகள் பற்றிய கவலையில் நியாயம் உண்டு. அதனால்தான் இரண்டு பத்தி வேண்டும் என்கிறேன். 1990இல் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களை ஒரு பத்தியிலும் பிறகு பிறந்தவர்களை இன்னொரு பத்தியிலும் எழுதினால் யாரும் எண்ணைப் பெருக்கியதாகச் சொல்ல முடியாது, யாரும் அழிந்தும் போகமாட்டார்கள். காணித் திட்டத்துக்கு இரண்டு பத்தியும் வேண்டும். உப குடும்பத்துக்கு எங்கே நிலம் என்ற கேள்விக்கு முதல் பத்தி மட்டும் விடை தராது.

முல்லைத்தீவு வாசகி: மெனிக் பாம் மூடினதோட எங்களை லிஸ்ட்டில இருந்து எடுத்திட்டினம். அதுக்கு என்ன சொல்லுறியள்?

2009இல் வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ மூன்று லட்சம் பேரில் மிகப் பெரும்பான்மையோரை அடைத்து வைத்த இடம் அது. 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவுக் குடும்பங்களின் நிலம் இராணுவத்திடம் இருந்ததால், அவர்களை வேறோர் இடத்தில், மாதிரிக் கிராமம் என்ற பெயரில் குடியேற்றினார்கள். முகாம் பூச்சியம் ஆனது, வீடு திரும்பியவர் எண்ணிக்கை ஆகவில்லை. 2017இல் அதே நிலத்துக்காகத் தெருவில் உட்கார்ந்தவர்கள் அதே ஊர் மக்கள்தான்.

யாரைச் சேர்க்கிறார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த விதியின்படி நீக்கினார்கள் என்றுதான் அதிகாரியிடம் கேட்க வேண்டும். 2020 பரிந்துரைகளின்படி ஊர் திரும்பியவரைக்கூட உடனே நீக்கக் கூடாது. பாதுகாப்பு, வாழ்க்கைத் தரம், வாழ்வாதாரம், வீடு காணி, ஆவணங்கள் ஆகிய ஐந்திலும் அவர் மற்ற மக்களுக்குச் சமமாக வந்த பிறகுதான் நீக்க வேண்டும். முகாமின் வாயிலைப் பூட்டுவது இந்த ஐந்தில் ஒன்றல்ல.

இந்த வாதம் நீண்டுவிட்டது. மற்றவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சட்ட மாணவி: கொலம்பியாவில் 80 லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். இது கணிப்பா, பதிவா?

பதிவு. 1985 முதல் நடந்தவற்றுக்கான பாதிக்கப்பட்டோர் பதிவேடு. 2011ஆம் ஆண்டின் 1448ஆம் சட்டம் அதற்கு அடிப்படை. பாதிக்கப்பட்டவர் தாமே போய், மக்கள் உரிமைகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகங்களில் ஒன்றில் வாக்குமூலம் தர வேண்டும், அதுவும் குறித்த காலத்துக்குள். 60 வேலை நாளுக்குள் ஏற்பதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். 10 குடும்பமோ 50 பேரோ ஒன்றாக வெளியேறினால் அது கூட்ட இடப்பெயர்வு, அதற்குத் தனி நடைமுறை. பதிவேடு காலத்தால் குவிந்துகொண்டே போகும் எண் என்பதால், அதை இன்றைய இருப்பு என்று எழுதாதீர்கள். பயந்து வாக்குமூலம் தராதவர் அதில் இல்லை. ஆயுதக் குழு வழியை அடைத்ததால் ஊரைவிட்டு நகரவே முடியாமல் சிக்கியவர்களும் அதில் இடம்பெயர்ந்தவராக வரமாட்டார்கள். அவர்களை வேறாக எண்ண வேண்டும். 2025 ஜனவரியில் கட்டட்டும்போ பகுதியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் வெளியேறியபோது இரண்டு வகையினரும் இருந்தார்கள்.

சென்னை வாசகர்: இந்தியாவில்?

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கென்று தேசியச் சட்டம் இல்லை. காஷ்மீரப் பண்டிதர்கள் அரசு ஏட்டில் "புலம்பெயர்ந்தோர்". மணிப்பூரில் 2023 மே முதல் ஏறத்தாழ 60,000 பேர். பொதுவான விதி இல்லாததால் ஒவ்வொரு மாநிலக் கணக்கையும் தனியாகத்தான் வாசிக்க வேண்டும்.

மென்பொருள் பொறியாளர்: கைபேசிக் கோபுரத் தரவைக் கொண்டு நேரடியாகப் பின்தொடரலாமே?

ஹெய்ட்டியில் 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு அப்படிச் செய்து பயனும் கிடைத்தது. போரில் செய்யாதீர்கள். கோபுரம் இடிந்தால் மக்கள் மறைந்தது போல் தெரியும், கைபேசி இல்லாத பெண்களும் குழந்தைகளும் கணக்கில் வரமாட்டார்கள். அதைவிட முக்கியம், எந்தக் கூட்டம் எந்தச் சாலையில் போகிறது என்பதை வைத்து வழிமறிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் கூரைகளை எண்ணலாம், கூரைக்குக் கீழே எத்தனை பேர் என்பது தெரியாது.

செய்தியாளர்: முகாம்களின் துல்லிய இடப்புள்ளிகளோடு பட்டியல் கிடைக்குமா?

தரமாட்டேன். மாவட்டப் பெயர் வரை எழுதுங்கள். பெயரும் புள்ளியும் சேர்ந்தால் அது தாக்குபவனுக்கான வரைபடம்.

இன்னொருவர்: 2023, 2024 நகர்வுகளைக் கூட்டலாமா?

மொத்த நகர்வுகள் என்று கூட்டலாம். அதை மொத்த ஆட்கள் என்று எழுதக் கூடாது.

கோவை வாசகர் மீண்டும்: சூடான் தலைநகர் கார்ட்டூமுக்குப் பலர் திரும்புகிறார்கள் என்கிறார்களே, அவர்களைக் கழித்துவிடலாமா?

2025 மார்ச்சில் இராணுவம் நகரைத் திரும்பப் பிடித்த பிறகு திரும்புவது கூடியிருக்கிறது. திரும்பியவர் என்ற பத்தியில் எழுதுங்கள். ஆனால் எகிப்திலிருந்து வந்தவரையும் போர்ட் சூடானிலிருந்து வந்தவரையும் பிரித்து எழுதுங்கள். முன்னவர் உள்நாட்டு இருப்பில் இருந்ததே இல்லை, அவரை அதிலிருந்து கழிக்க முடியாது. வீட்டைப் பார்க்க வந்துவிட்டு மறுபடி போகிறவரும் இருக்கிறார். அதனால் குடும்பம் முழுவதும் வந்ததா, ஓர் ஆள் மட்டும் வந்தாரா என்ற கேள்வியைப் படிவத்தில் கட்டாயம் வையுங்கள்.