உண்மைக் கட்டுரை எழுதப் பழக எந்தப் புத்தகம் வாங்கிறது?

கேள்வி: வெள்ளவத்தையில இருக்கிறன், எக்கவுண்டன் வேலை. புறக்கோட்டையில மூட்டை தூக்கிற நாட்டாமைமாரைப் பற்றித் தமிழ்ல நீளமா ஒரு கட்டுரை எழுத விருப்பம், கதை இல்லை, உள்ளது உள்ளபடி. எழுதிப் பழக்கம் இல்லை. தேடினா வாறதெல்லாம் இங்கிலீஷ் புத்தகம், விலையும் கூட. எதை வாங்கிறது?

பதில்: ஒண்டு வாங்குங்கோ, காணும். அஞ்சாறு வாங்கி அடுக்கினா வாசிக்கிற சுகத்திலயே மாசம் போயிடும், புறக்கோட்டைப் பக்கம் கால் வைக்க மாட்டீங்கள், கன பேருக்கு நடக்கிறது இதுதான்.

அந்த ஒண்டு வில்லியம் சின்சர் எழுதின 'ஒன் ரைட்டிங் வெல்'. 1976ல வந்தது, மனுசன் யேல் யுனிவர்சிட்டியில இதைப் படிப்பிச்ச அனுபவத்தில எழுதினவர், அதால முன்னால இருந்து கதைக்கிற மாதிரியே போகும், இங்கிலீஷும் லேசு. பேட்டி எடுக்கிறதுக்கு ஒரு அத்தியாயம், இடத்தைப் பற்றி எழுதிறதுக்கு ஒரு அத்தியாயம், உங்களுக்கு முதல் வேண்டியது இந்த ரெண்டும்தான், முதல் பக்கத்தில இருந்து வரிசையா வாசிக்கோணும் எண்டு சட்டம் ஒண்டும் இல்லை. ஆனா தொடக்கத்தில தன்ர சொந்தக் கையெழுத்துப் பிரதியில ரெண்டு பக்கத்தை வெட்டுக்கொத்தோட அப்பிடியே அச்சில போட்டிருக்கிறார், அதை மட்டும் தவறவிடாதீங்கோ. எத்தினை சொல்லைத் தூக்கி எறிஞ்சிருக்கிறார் எண்டு பாத்தாலே பாதிப் பாடம் முடிஞ்சுது.

எல்லாரும் சொல்ற 'எலிமென்ட்ஸ் ஒஃப் ஸ்டைல்' உங்களுக்குத் தேவையில்லை. நல்ல புத்தகம்தான், ஆனா இங்கிலீஷ் எழுதிறவைக்கு. தமிழ்ல சேருற குப்பை வேற ஜாதி, 'நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றமை குறிப்பிடத்தக்கது' எண்டு பேப்பர்ல வருமே, அது. எழுதி முடிச்ச பிறகு 'பட்டது', 'மேற்கொள்', 'குறிப்பிடத்தக்கது' மூண்டையும் தேடித் தேடி, ஆர் என்ன செய்தது எண்டு நேரா மாத்துங்கோ, கட்டுரை தானா மெலியும். மொழிக்கு எண்டா எம்.ஏ. நுஃமான்ர 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' கிட்ட இருக்கட்டும், பேராதனையில படிப்பிச்சவர், இண்டைக்குப் புழங்கிற தமிழை வைச்சு எழுதியிருக்கிறார், நன்னூல் பயம் வேண்டாம். எங்க ஒற்று, எங்க காற்புள்ளி, எங்க சொல்லைப் பிரிச்சு எழுதிறது எண்ட தலையிடிக்கு 'தமிழ் நடைக் கையேடு'.

அடுத்தது கட்டமைப்பு, ஆக்கள் தடுக்கி விழுற இடம் இதுதான். நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்பு இருக்கும், எங்க தொடங்கிறது எண்டு தெரியாது. ஜோன் மெக்ஃபீ எண்ட பெரிய அமெரிக்க எழுத்தாளரே 1966ல ஒரு கட்டுரைக்குக் குவிச்ச குறிப்பை வைச்சுக்கொண்டு ரெண்டு கிழமை அளவில வீட்டு முற்றத்து மேசையில மல்லாந்து படுத்து மரத்தைப் பாத்துக்கொண்டிருந்தவர், 2017ல வந்த 'ட்ராஃப்ட் நம்பர் ஃபோர்'ல அவரே சொல்றார். ஓடாட்டி அம்மாவுக்குக் கடிதம் எண்டு தொடங்கி எழுதுங்கோ, பிறகு 'அன்புள்ள அம்மா'வை வெட்டுங்கோ எண்டு ஒரு யோசனையும் அதில இருக்கு, லேசாப் பாக்காதீங்கோ, வேலை செய்யும். புத்தகம் கொஞ்சம் பாரம், இரவல் கிடைச்சா வாசியுங்கோ.

உண்மைக் கட்டுரை எழுதப் படிப்பிக்கிற அமெரிக்க எழுத்தாளர் லீ கட்கைண்ட் சொல்ற பயிற்சிக்கு ஒரு மஞ்சள் ஹைலைட்டர் காணும். பிடிச்ச ஒரு கட்டுரையை எடுத்து, ஆக்கள் நடமாடுற, கதைக்கிற, ஏதாவது நடக்கிற காட்சிக்கெல்லாம் மஞ்சள் அடியுங்கோ, விளக்கத்தை விட்டிடுங்கோ. நல்ல கட்டுரையில பாதிக்கு மேல மஞ்சளாத்தான் கிடக்கும். பிறகு உங்கட டிராஃப்டுக்கு அடிச்சுப் பாருங்கோ, ஒரே வெள்ளையாக் கிடந்தா திரும்பப் புறக்கோட்டைக்குப் போகவேண்டியதுதான்.

தமிழ்ல மாதிரிக்கு என்ன எண்டா, உ.வே.சாவின்ர 'என் சரித்திரம்', 1940ல இருந்து ஆனந்த விகடன்ல தொடரா வந்தது, இப்ப நெட்ல சும்மா கிடக்கு. தன்ர வாத்தியாரைக் காட்டிறதுக்கு அவர் புகழ்மாலை போடுறேல்லை, நடந்த சின்னச் சின்னச் சம்பவமா அடுக்குறார், உங்கட நாட்டாமைமாருக்கும் அதுதான் வழி. சிட்டியும் ஜானகிராமனும் சேந்து எழுதின 'நடந்தாய் வாழி காவேரி'யும் பாருங்கோ, ஆத்தோட போற பயணத்துக்குள்ள எவ்வளவு தகவலைக் கரைச்சிருக்கினம் எண்டு.

வாங்க முதல் 57ஆம் ஒழுங்கையில தமிழ்ச் சங்க நூலகம், உங்களுக்கு நடை தூரம், அங்க கேளுங்கோ, இங்கிலீஷுக்குக் கொழும்பு பொது நூலகம். செப்டம்பர்ல பண்டாரநாயக்க மண்டபத்தில நடக்கிற புத்தகக் கண்காட்சி வரைக்கும் பொறுத்தா கழிவும் கிடைக்கும். புறக்கோட்டையின்ர பழைய கதைக்கு நூலகம் டொட் ஓர்க், இலங்கைத் தமிழ்ப் பேப்பர், சஞ்சிகை எல்லாம் ஸ்கேன் பண்ணி இலவசமா வைச்சிருக்கினம்.

இன்னொண்டு, பேர் போடலாமோ, படம் போடலாமோ எண்டு அந்த மனுசரிட்ட முதலே கேளுங்கோ. கூலிக்கு நிக்கிற ஆளுக்கு உங்கட ஒரு வரியால முதலாளியோட பிரச்சினை வரலாம். 2007ல வந்த 'டெலிங் ட்ரூ ஸ்டோரிஸ்'ல இந்த அறம் பற்றித் தனிப் பகுதியே இருக்கு, 50 பேருக்கு மேல எழுதின தொகுப்பு. ரெண்டாவதா ஒண்டு வாங்கக் காசு மிஞ்சினா அதை வாங்குங்கோ.