எஸ்டேட் பச்சையும் காட்டுப் பச்சையும்: வாசகர் கேள்வி பதில்

மழைக்காடுகளைப் பற்றிக் கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி: மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. சுற்றுலா வருகிறவர்கள் எஸ்டேட்டைப் பார்த்து, 'எவ்வளவு அடர்ந்த காடு' என்று வியக்கிறார்கள். இங்கும் மரம் இருக்கிறது, பச்சை இருக்கிறது. இதை ஏன் காடு என்று கணக்கில் எடுப்பதில்லை?
வாசகி, மூணாறு

பதில்: விட்டால் மரமாக வளர்ந்துவிடக் கூடிய தேயிலையைக் கொழுந்து பறிப்பதற்காகக் கவாத்து செய்து இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடையில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். ஃபேக்டரி அடுப்புக்கு விறகாக நட்ட யூக்கலிப்டஸும் அங்கிருந்து வந்ததுதான். மலை முழுவதும் பச்சையாகத் தெரிந்தாலும், அந்தப் பச்சையில் உள்ள மர இனங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

நடுத்தர உயரத்து மழைக்காட்டில் நிலைமை வேறு. முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில் மேல்விதானம்; அதன் நிழலில் இரண்டாம் நிலை மரங்கள்; அவற்றின் கீழே குறுமரங்களும் பிரம்புப் புதர்களும்; இவை அனைத்தையும் பிணைத்துக்கொண்டு கொடிகளும், கிளைகளில் ஒட்டி வாழும் ஆர்க்கிட், பெரணி, பாசி வகைகளும் இருக்கின்றன. ஒவ்வோர் அடுக்குக்கும் தனி வெளிச்சம், தனி ஈரம், தனிக் குடிமக்கள். மேல்விதானத்தில் மலை அணிலும் சிங்கவால் குரங்கும் நடமாடும். தண்டுகளுக்கிடையே பறக்கும் ஓணான் சிறகுபோல் தோலை விரித்துச் சறுக்கிச் செல்லும். தரையிலோ மழைக்காலத்தில் அட்டைகள் உங்கள் காலுக்காகக் காத்திருக்கும்.

உண்மையான வேறுபாடு தெரிய வேண்டுமானால் தரையைப் பார்க்க வேண்டும். மழைக்காட்டில் ஒரு கைப்பிடிச் சருகை விலக்கினால், மேலே முழு இலை, அடுத்து நரம்பு மட்டும் எஞ்சிய சல்லடை இலை, அதற்கும் கீழே வெண்ணிறப் பூஞ்சை இழைகள் ஓடிய கரிய மக்கு, அதன் அடியிலேயே வலைபோல் பின்னிய மெல்லிய வேர்கள் எனச் சில அங்குலத்துக்குள் எல்லாம் தெரிந்துவிடும். கொட்டும் மழை மண்ணிலுள்ள சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுவதால், அந்தக் காட்டின் செல்வத்தில் பெரும்பகுதி உயிருள்ள மரங்களிலும் இந்தச் சருகிலும்தான் இருக்கிறது. உதிர்ந்த இலையின் சத்து மண்ணுக்குள் இறங்குவதற்கு முன்பே பூஞ்சையும் கறையானும் அதைச் சிதைக்க, வேர்கள் எடுத்துக்கொண்டுவிடுகின்றன. மரத்தை வெட்டினால் இந்தச் சுழற்சி அறுந்துபோகிறது. எஸ்டேட்டில் மூட்டை மூட்டையாக உரம் போட வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூணாற்றைச் சுற்றியுள்ள உயரமான மலைகள் எல்லாமே ஒரு காலத்தில் மழைக்காடாக இருந்தவை அல்ல. இரவிகுளத்தில் வரையாடு மேயும் புல்வெளிகள் இயற்கையானவை. பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல் என்பதே அந்த உயரத்தின் இயல்பு. மரமில்லாத இடமெல்லாம் அழிந்த காடு என்று எண்ணி மரக்கன்றோடு அங்கே ஏறுகிறவர்கள் நல்லெண்ணத்தோடு கெடுதல் செய்கிறார்கள்.

கேள்வி: கூப்பிடு தூரத்தில் ஆனைமலை இருந்தும் எங்கள் பகுதி வறண்டு கிடப்பது ஏன்?
வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: குஜராத் எல்லையிலிருந்து குமரி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான். மற்ற இடங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலே ஏறி, குளிர்ந்து, மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. கணவாயில் அதற்கு ஏறுவதற்கு மலையில்லை. உங்கள் வட்டாரம் கணவாயின் கிழக்குக் கோடியில், மலை மழையைத் தடுத்துவிடும் மழைமறைவுப் பகுதியை ஒட்டி அமைந்திருக்கிறது. அதேநேரம், உங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பாசனத்துக்கு ஆழியாற்றிலிருந்து வரும் தண்ணீர் அந்த ஆனைமலைக் காடுகளில் பெய்த மழைதான். இரு மாநிலங்களுக்கிடையிலான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தில் இதற்கென ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டிருக்கிறது. மழை பெய்யாத ஊருக்கும் மழைக்காட்டில் பங்கு உண்டு.

கேள்வி: அடைகாக்கும் காலத்தில் ஆண் இருவாச்சி தன் பெட்டையை மரப்பொந்துக்குள் அடைத்துச் சிறை வைத்துவிடும் என்று படித்தேன். பறவைகளிலும் இப்படி ஒரு கொடுமையா?
வாசகி, வால்பாறை

பதில்: சிறையும் இல்லை, கொடுமையும் இல்லை. வாசலைப் பெரும்பாலும் அடைப்பது பெட்டையேதான், அதுவும் உள்ளேயிருந்து. தன் எச்சத்தையும் பழத்தின் மிச்சங்களையும் குழைத்து, அலகின் பக்கவாட்டால் தட்டித் தட்டிப் பூசி, அலகு நுழையும் அளவுக்கு நெடுக்கான ஒரு பிளவை மட்டும் விட்டுவைக்கிறது. பாம்பு, மரநாய் போன்றவை உள்ளே வராமல் இருப்பதற்கு இதைவிட நல்ல கதவு இல்லை. உள்ளே இருக்கும் காலத்தில் அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைப்பதால், பறக்க இயலாத நாட்களை அது பாதுகாப்பாகக் கழிக்கிறது என்றும் சொல்லலாம்.

வெளியில் உழைப்பவன் ஆண். ஆனைமலைப் பகுதியில் ஆண்டின் தொடக்கத்தில் பெட்டை பொந்தில் அடையத் தொடங்கினால் கோடை முடியும்வரை ஆணுக்கு ஓய்வில்லை. காட்டத்தி வகைகள், காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம் முதலியவற்றின் பழங்களைத் தொண்டைக்குள் நிரப்பிக்கொண்டு வந்து, பொந்தின் பக்கத்தில் தொற்றி, கழுத்தை உதறி ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து பிளவின் வழியே கொடுக்கும். அது பறந்து வரும்போது எழும் சிறகொலி பழைய நீராவி ரயில் மூச்சு விடுவதுபோல் தொலைவிலேயே கேட்கும். எத்தனையோ முறை வந்து போகும் இந்தத் தகப்பனை வேட்டையாடினால் உள்ளே இருப்பவற்றின் உயிரும் ஊசலாடும்.

ஒரு கூட்டில் ஆள் இருக்கிறதா என்று அறிய மேலே பார்க்க வேண்டியதில்லை. மரத்தடியில் உமிழப்பட்ட விதைகளும் அவற்றிலிருந்து கிளம்பிய நாற்றுகளும் திட்டாகக் கிடக்கும். உண்ட பழத்தின் கொட்டைகளை வழியெங்கும் காட்டில் உதிர்த்துச் செல்வதால், பெரிய விதை கொண்ட மரங்கள் பரவுவதற்கு இருவாச்சியைப் போன்ற பறவை வேறில்லை. ஆனால் மரங்கொத்தியைப்போல் தானே பொந்து குடையும் திறன் அதற்குக் கிடையாது. கிளை முறிந்து, வைரம் மக்கிக் குடைவு விழுந்த முதிர்ந்த பெருமரம் அதற்கு வேண்டும். 'பட்டுப்போன மரம்' என்று நாம் அகற்றுவதில் எத்தனை பிரசவ அறைகள் போயினவோ. வாழச்சால் காடுகளில் காடர் இன மக்களே கூட்டு மரங்களைக் கண்காணித்துக் காத்து வருகிறார்கள். கேரளத்தின் மாநிலப் பறவையை அவர்களைவிட அறிந்தவர் யாரும் இருக்க முடியாது.

கேள்வி: சாலையோரம் வரும் சிங்கவால் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பது புண்ணியம்தானே?
வாசகர், பொள்ளாச்சி

பதில்: இல்லை. வெடிப்பலா மரத்தின் பூவையும் காயையும் தேடிக் கிளைவழியே போக வேண்டிய விலங்கை வண்டிச் சக்கரத்துக்கு இழுத்து வருகிறீர்கள். வால்பாறை புதுத்தோட்டம் பகுதியில் அவை சாலையைத் தரையில் இறங்காமல் கடப்பதற்காகவே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் அது. வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். அந்தப் புண்ணியம் போதும்.

கேள்வி: ஊதா நிறத் தவளை ஒன்று இடுக்கியில் இருப்பதாகச் சொல்கிறார்கள். நாங்கள் பார்த்ததே இல்லையே?
மாணவர், குமுளி

பதில்: ஆண்டில் பெரும்பகுதியை அது மண்ணுக்குள் கறையான் தின்று கழிக்கிறது. பருவமழையின் தொடக்கத்தில் இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்கள் மட்டும் மேலே வரும். உப்பிய உடலும் கூரிய மூக்கும் கொண்ட இத்தவளையை அறிவியல் உலகுக்கு 2003இல் அறிமுகப்படுத்தியவர்கள் எஸ்.டி. பிஜுவும் ஃப்ராங்கி போசுயிட்டும். இதன் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவுக் குடும்பம் இந்தியாவில் இல்லை, கடல் தாண்டிச் சேஷல்ஸ் தீவுகளில் வாழ்கிறது. தலைப்பிரட்டைகள் விரைந்தோடும் ஓடையில் வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு வளர்வதால், ஓடை நீரைத் தேக்கினால் அவற்றுக்கு வாழிடம் இல்லாமல் போகும்.

கேள்வி: எங்கள் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் விதைப்பந்து உருட்டி வைத்திருக்கிறார்கள். ஆரியங்காவு வழியாகப் போய்க் காட்டில் வீசலாமா?
ஆசிரியர், செங்கோட்டை

பதில்: மாணவர்களின் ஆர்வத்தைக் குறைத்துச் சொல்லவில்லை; ஆனால் வீச வேண்டாம். வேம்பு, புங்கன், புளி என்று நாம் உருட்டும் விதைகள் சமவெளிக்குரியவை, அவற்றுக்கு மழைக்காட்டில் வேலையில்லை. மழைக்காட்டு மரங்களின் விதைகளோ பெரும்பாலும் உலர்த்தினால் செத்துவிடும். ஈரத்தோடு உதிர்ந்து சில வாரங்களுக்குள் முளைத்தாக வேண்டியவை அவை. களிமண்ணில் பொதிந்து வெயிலில் காயவைத்தால் கல்லறை கட்டியதற்குச் சமம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் குற்றம்.

சிதைந்த மழைக்காட்டை மீட்க முடியும் என்பதை வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து காட்டியிருக்கிறார்கள். சாலையோரம் விழுந்து வீணாகும் காட்டு விதைகளைப் பொறுக்கி நாற்றங்காலில் வளர்த்து, உண்ணிச்செடியை அகற்றிய இடத்தில், மழை பிடித்தபின் பல இனங்களைக் கலந்து நட்டு, களை எடுத்துக் காக்கும் பொறுமையான வேலை அது. உங்கள் பள்ளிக்கு என் யோசனை: உருட்டிய பந்துகளை உடைத்து, அந்த விதைகளைப் பைகளில் முளைக்கவிட்டு, உங்கள் ஊர்க் குளக்கரையிலும் பள்ளி வளாகத்திலும் நடுங்கள். காட்டு மரங்களில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு வனத்துறை அனுமதியோடு செந்துருணி சரணாலயத்தைக் காட்டி, எந்த மரம் எந்த மாதம் பூக்கிறது, காய்க்கிறது, அதைத் தின்ன எது வருகிறது என்று குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். நாற்றங்கால் வைக்கிறவர்கள் விதை பொறுக்கப் போகும்முன் தேடுவது அப்படிப்பட்ட குறிப்புகளைத்தான்.