சென்சர் மாத்தியும் லைட் திரும்ப எரியுதா? பழைய டீசல் கார் கேள்வி பதில்

கல்லடியில ஓட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்யிறன். பழைய டீசல் வண்டியில எஞ்சின் லைட் எரிஞ்சு, ஸ்கேனர்ல சென்சர் கோட் (பிழை நம்பர்) திரும்பத் திரும்ப வருதெண்டு கேட்ட ஆக்களுக்கு இதில பதில், கேட்டவங்களை ஊர்ப் பேரால போட்டிருக்கன். ஹைபிரிட் கேக்காதீங்க, அது என்ட வேலை இல்ல.

களுவாஞ்சிக்குடி: அண்ணே, 2005 கொமன் ரெயில் (கம்பியூட்டரால டீசல் அடிக்கிற) கார். அரை மணித்தியாலம் ஓடிச் சூடானா நிண்டிடும், ஆறவிட்டா ஸ்டார்ட் ஆகும். ஸ்கேன்ல பி0335, கிராங்க் சென்சர் (எஞ்சின் சுத்திறதைப் பாக்கிற சென்சர்). ரெண்டு தரம் மாத்திட்டன், மறுகாவும் அதே கோட்.

பதில்: தம்பி, அந்தக் கோட் சென்சர் பழுது எண்டு சொல்லல்ல, கிராங்க் சென்சர் சேர்க்கிட்டில பிழை எண்டுதான் சொல்லுது. சேர்க்கிட் எண்டா சென்சர், பிளக், வயர், ஈசியூ (எஞ்சின் கம்பியூட்டர்) வரைக்கும் போற பாதை எல்லாம் சேர்த்து. கார் நிண்ட இடத்திலேயே ஸ்கேனரைக் கொழுவி செல்ஃப் அடிச்சு ஆர்பிஎம் பாருங்க, எஞ்சின் சுத்தேக்க 0 காட்டினா சிக்னல் வரல்ல, 200 கிட்டக் காட்டினா கிராங்க் சென்சரை விட்டுட்டு டீசல் பக்கம் போங்க.

ரெண்டு வயர் சென்சர் எண்டா மீட்டர் வச்சு ஓம் அளவு (கம்பிட மின்தடை) பாக்கலாம். பல டொயோட்டாவில ஆறின நிலையில 1630க்கும் 2740க்கும் இடையில வரும், உங்கட வண்டிக்கு அதிட மெனுவல்ல இருக்கிற கணக்குத்தான் கணக்கு. சூட்டில கொஞ்சம் கூடும், செம்புக் கம்பிட குணம் அது, ஆனா சூட்டில ஒண்டுமே காட்டாட்டி உள்ளுக்குக் கம்பி அறுந்திருக்கு. மூணு வயர் எண்டா அநேகமா ஹால் சென்சர் (உள்ளுக்கு எலக்ட்ரோனிக் சிப் இருக்கிறது), அதுக்கு ஓம் பாக்கிறதில பிரயோசனம் இல்ல, சப்ளை வோல்ட்டையும் ஏர்த்தையும் பாருங்க.

ரெண்டு சென்சர் போட்டும் வருதெண்டா நான் வயரைத்தான் சந்தேகப்படுவன். கடல் காத்தில நிக்கிற வண்டியில பிளக் பின் பச்சை பிடிச்சிருக்கும், இல்லாட்டி எலி கடிச்சிருக்கும். செல்ஃப் அடிக்கேக்க பற்றரி நெகட்டிவ்ல இருந்து எஞ்சின் புளொக்குக்கு வோல்ட் பாருங்க, அரை வோல்ட்டைத் தாண்டினா ஏர்த் கேபிள் போச்சு. சேர்விஸுக்கு விட்டா எஞ்சினுக்குப் பிரஷர்ல தண்ணி அடிக்க விடாதீங்க, பிளக்குக்குள்ள தண்ணி இறங்கினா இந்தக் கதைதான்.

அக்கரைப்பற்று: பி0087. ரெயில் பிரஷர் சென்சர் மாத்தவா?

பதில்: வேணாம். ரெயில்ல (இன்ஜெக்டருக்குப் போற டீசல் குழாயில) பிரஷர் குறைவு எண்டு சென்சர் சொல்லுது, சொன்னவனை ஏன் கழட்டுறீங்க? டீசல் ஃபில்டர், காத்து இழுக்கிற டீசல் ஹோஸ், மறுகா பம்பில டீசல் அளவைக் கட்டுப்படுத்திற சக்ஷன் கண்ட்ரோல் வால்வ், இதுகளைப் பாருங்க. 2022 தட்டுப்பாட்டில கேன்ல சேத்து வச்ச டீசல் ஊத்தின டாங்கி எண்டா அடியில தண்ணியும் பாருங்க.

சம்மாந்துறை: டொல்பின் வேனை எங்க ஸ்கேன் பண்ணலாம்?

பதில்: மெக்கானிக்கல் பம்ப் எண்டா ஸ்கேன் பண்ண ஒண்டுமில்ல. நல்ல பம்ப் பாஸிட்டக் காட்டுங்க.

ஏறாவூர்: பி0335 வருது, என்ன சென்சர் வாங்க?

பதில்: முதல் பதில்.

கல்முனை: கிராங்க் சென்சர், கொழும்பு பஞ்சிகாவத்தையில யூஸ்ட் ஜெனுயின் (பாவிச்ச ஒறிஜினல்) எடுக்கவா, புது சைனா எடுக்கவா?

பதில்: யூஸ்ட் ஜெனுயின்.

வாழைச்சேனை: அண்ணே பிழையாச் சொல்றீங்க. 15 வருஷம் சூட்டில கிடந்ததை ஏன் காசு குடுத்து வாங்கணும்?

பதில்: சூட்டுக் கதை நியாயம், அதனால வாங்கேக்க ஹெயார் ட்ரையரால சூடாக்கி ஓம் பாத்து எடுங்க. மலிவுச் சாமான்ல எனக்கு இருக்கிற பயம் அதிட நீளத்தைப் பத்தித்தான். சென்சர் முனைக்கும் பல்லுச் சில்லுக்கும் இடையில ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளிதான், உடம்பு அரை மில்லி கட்டையா இருந்தா மெல்லச் சுத்தேக்க சிக்னல் மெலிஞ்சு போகும்.

வாழைச்சேனை: நான் சைனா போட்டு ரெண்டு வருஷம் ஓடுறன்.

பதில்: நல்ல சாமான் அம்பிட்டிருக்கு, சந்தோஷம். ஆனா செங்கலடி தாண்டி மகாஓயாப் பக்கம் ராவில யானை வாற றோட்டில பிள்ளைகளோட கார் நிண்டு போன ஆக்கள் என்னட்ட வந்திருக்காங்க. அதை யோசிச்சுத்தான் சொல்றன்.

ஓட்டமாவடி: எனக்கும் பி0335...

பதில்: முதல் பதிலை வாசிங்க. வயரைப் பாக்காமக் கடைக்குப் போகாதீங்க.

களுவாஞ்சிக்குடி: அண்ணே, நிண்ட இடத்தில ஆர்பிஎம் 0. பிளக்கை ஆட்டினா 190 வருது!

பதில்: அம்பிட்டிட்டு. பிளக்கில இருந்து வயர் கறுத்த இடம் வரைக்கும் வெட்டி, நல்ல வயர்ல ஈயம் வச்சு ஒட்டி ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில சுருங்கிற குழாய்) போடுங்க, டேப்பை மட்டும் சுத்தாதீங்க. வலை மாதிரி ஷீல்ட் இருந்தா அதையும் சேர்த்து இணைக்கணும். முதல் கழட்டின ஒறிஜினல் சென்சர் வீட்டில கிடக்கா? ஓம் அளவு சரியெண்டா அதையே திரும்பப் போடுங்க.