காதைக் கொடுங்கள்: இரைச்சலும் தாளமும்

கேள்வி: என் பதினெட்டு வயது மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ கேட்கிறான். வெளியே நின்று கேட்டால் தகரக் கொட்டகையை யாரோ சம்மட்டியால் இடிப்பது போல இருக்கிறது. நடுநடுவே ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி ஓர் இரைச்சல். என்னடா இது என்றால் 'ரிதமிக் நாய்ஸ்', அதாவது தாளத்தோடு வரும் இரைச்சல் என்கிறான். இதெல்லாம் இசையா சார்?
– ஓர் அப்பா

பதில்: முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைத்துக்கொண்டிருந்த காலத்தில் நண்பர் ஒருவர் ஒரு கேசட்டைக் கையில் திணித்து, "கேட்டுப் பார்" என்றார். போட்டேன். ஒரே கரகர. டெக்கின் ஹெட்டில் அழுக்கு சேர்ந்துவிட்டது என்று பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே கரகர. அப்புறம் பெல்ட் மேல் சந்தேகம். மேல்மூடியைக் கழற்றி, ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்து, டேப்பை ஓடவிட்டபடியே பெல்ட் வழுக்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், என் வலது கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கரகர நான்கு அடிக்கு ஒருமுறை ஒரே இடத்தில் அறுந்து, ஒரே இடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது. டெக்கில் ஒரு கோளாறும் இல்லை. பாட்டே அப்படித்தான்.

கோளாறு ஒருமுறை வந்தால் எரிச்சல். தவறாமல் அதே இடத்தில் வந்துகொண்டே இருந்தால் காது அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. கடகட, தடதட, படபட என்று பள்ளியில் இரட்டைக்கிளவி படித்தோமே, பிரித்தால் பொருள் தராது என்று? அதே சங்கதிதான். இரைச்சலை அடுக்கிச் சொன்னால் அதற்குள் ஒரு நடை வந்துவிடும் என்பது நம் மொழிக்கு எப்போதோ தெரியும்.

இதைச் சோதனை போலச் செய்து பார்த்தவர் பிரெஞ்சு வானொலியில் வேலை பார்த்த பியர் ஷெஃபர். 1948இல் பாரிஸில் ரயில் இன்ஜின்களின் ஓசையை மட்டும் வைத்து ஒரு படைப்பைச் செய்தார். அவர் கையில் இருந்தது இசைத்தட்டு. ஊசி உள்ளே நகராமல் ஒரே வட்டத்தில் சுற்றும்படி தட்டின் பள்ளத்தை மூடிவிட்டார். நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு முக்கால் விநாடியும் கொஞ்சமும். அப்படிச் சுற்றவிட்டால் முதலில் ரயில் கேட்கும். இருபதாவது சுற்றில் ரயில் எங்கோ போய்விடும், அதன் நடை மட்டும் மிச்சம் இருக்கும்.

ஆகவே, இசைதான் ஐயா. ஆனால் இதில் ராகத்தைத் தேடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். ஓசையின் சொரசொரப்பு எப்படி மாறுகிறது, அடி எங்கே விழுகிறது, எங்கே வேண்டுமென்றே விழாமல் விடப்படுகிறது என்று கேளுங்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்பது மட்டும் நியாயமில்லை. சுவரும் கதவும் உயர்ந்த ஒலிகளை விழுங்கிவிட்டு, அடிநாதத்தைத்தான் வெளியே விடும். உங்களுக்குக் கேட்டது பாதிப் பாட்டு. உள்ளே போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அப்புறமும் பிடிக்கவில்லையா, பரவாயில்லை. இந்த வகையில் பாதிக்குப் பாதி எனக்கே பிடிக்காது.

கேள்வி: இந்த விபரீத ஆசை முதலில் யாருக்கு வந்தது?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: விபரீதம் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள்! லூயிஜி ருசோலோ என்ற இத்தாலிய ஓவியருக்கு. 1913இல் 'இரைச்சல்களின் கலை' என்று ஓர் அறிக்கை எழுதினார். இயந்திரங்கள் வந்த பிறகு மனிதக் காது மாறிவிட்டது, பழைய வாத்தியங்கள் அதற்குப் போதாது என்பது அவர் வாதம். சொன்னதோடு நிற்கவில்லை. கைப்பிடியைச் சுற்றினால் உறுமும், சீறும் பெட்டிகளைச் செய்து அடுத்த ஆண்டே மிலான் நகர அரங்கில் கச்சேரி வைத்தார். கூட்டத்தில் ரகளை ஆனது. அந்த அசல் பெட்டிகள் எதுவும் இன்று மிஞ்சவில்லை.

இந்த இசைக் குடும்பத்துக்கு 'இண்டஸ்ட்ரியல்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது 1976இல். லண்டனைச் சேர்ந்த த்ராபிங் க்ரிசில் குழு தன் இசைத்தட்டு நிறுவனத்துக்கு 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் வைத்தது. 'தொழிற்சாலை மனிதர்களுக்குத் தொழிற்சாலை இசை' என்பது அவர்களுடைய முழக்கம். இங்கிலாந்தில் எஃகு ஆலைகளின் ஊரான ஷெஃபீல்டிலிருந்து கேபரே வோல்ட்டேர் என்ற குழு அதற்கும் முன்பே, 1973இலேயே தொடங்கிவிட்டது. மேற்கு பெர்லினில் 1980இல் ஐன்ஸ்டுர்ஸெண்டே நொய்பாவ்டென் என்ற குழு. பெயருக்கு 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' என்று பொருள். டிரம்ஸுக்குப் பதில் பழைய இரும்பைத் தட்டியவர்கள். 1984 ஜனவரியில் லண்டன் ஐசிஏ அரங்கில் இவர்களில் சிலர் டிரில்லும் சிமெண்ட் கலவை இயந்திரமும் வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். மேடையையே துளைக்க ஆரம்பித்ததும் அரங்கத்தார் பாதியில் நிறுத்திவிட்டார்கள். மேடைக்குப் பொறுப்பாக நின்று பழகியவன் என்பதால் என் அனுதாபமெல்லாம் அரங்கத்தார் பக்கம்தான்.

உங்கள் வயதுக்காரர்கள் இன்று கேட்பதற்கு நேரடி முன்னோடி என்றால் நான் ஸ்பெயினின் எஸ்ப்ளெண்டோர் ஹியோமெத்ரிகோ குழுவைத்தான் சொல்வேன். 1980இல் மாட்ரிட்டில் தொடங்கினார்கள். பாட்டே கிடையாது என்று சொல்லுமளவுக்கு அடி, அடி, அதன் மேல் துரு. 1990களில் ஜெர்மனியில் ஆன்ட்-ஸென், ஹேண்ட்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் இதை ஒரு தனி வகையாகவே வளர்த்தன. இதற்கே 'பவர் நாய்ஸ்' என்ற இன்னொரு பெயர் 1997இல் வந்தது. வின்டர்கெல்ட்டே, பெல்ஜியத்தின் இம்மினென்ட் ஸ்டார்வேஷன், அமெரிக்காவின் கன்வெர்ட்டர், கனடாவின் ஆர்ஃபெக்ஸ் என்று தேடிக் கேளுங்கள். ஆர்ஃபெக்ஸிலிருந்து தொடங்கினால் காது கொஞ்சம் தப்பிக்கும்.

ஒன்று சொல்லவேண்டும். அதிர்ச்சி கொடுக்கிறோம் என்று ராணுவச் சின்னங்களையும் சர்வாதிகாரிகளின் படங்களையும் அட்டையில் போட்டவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

கேள்வி: டெக்னோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: டெக்னோ என்பது ஆட்டத்துக்கான மின்னணு இசை. அதில் அடியின் மேல் ஓசை உட்கார்ந்திருக்கும். இதில் ஓசையே அடி. மெர்ஸ்பவ் போன்ற ஜப்பானிய நாய்ஸில் பெரும்பாலும் அடியே இருக்காது, வெறும் வெள்ளம். இரண்டுக்கும் நடுவில்தான் இது நிற்கிறது. எல்லைக்கோடு கேட்டுச் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தப் பக்கம் போவதில்லை.

கேள்வி: அண்ணா, என்னிடம் ஒரு லேப்டாப்பும் போனும் மட்டும்தான் இருக்கின்றன. இப்படி ஒன்று செய்து பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு பிளஸ் டூ மாணவர்

பதில்: வாஷிங் மெஷினிலிருந்து தொடங்கு தம்பி. கிண்டல் இல்லை. டிரம் சுற்றும்போது போனை அதன் பக்கவாட்டுத் தகரத்தின் மேல் வைத்து இரண்டு நிமிடம் பதிவு செய். ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருள் இலவசம், அதில் திற. நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்துக்கொண்டால் ஓர் அடி அரை விநாடி, நான்கு அடி 2 விநாடி. பதிவில் எங்காவது சட்டைப் பொத்தான் தகரத்தில் இடித்து 'டங்' என்றிருக்கும். அந்த 'டங்'கில் தொடங்கிச் சரியாக 2 விநாடி வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடு. ஒட்டுப்போட்ட இடத்தில் 'டிக்' என்று கேட்டால் உடனே அழித்துவிடாதே. சில சமயம் அந்த ஒட்டுதான் பாட்டைத் தூக்கிக்கொண்டு போகும்.

அடுத்தது கிக், அதாவது டிரம்ஸில் 'தும்' என்று விழும் அடி. வேறு எதையும்விட இதில்தான் நேரம் செலவழிக்கவேண்டும். சுமார் 150 ஹெர்ட்ஸில் தொடங்கிச் சட்டென்று 50க்குச் சரியும் ஒரு சைன் அலை, அதாவது வழவழப்பான வளைவு அலை போதும். அதை டிஸ்டார்ஷனில் விடு. டிஸ்டார்ஷன் என்றால் பெரிய மந்திரம் இல்லை. அலை தாங்கும் அளவுக்கு மேல் எகிறும்போது அதன் தலையையும் காலையும் கத்தரித்துவிடுவது. வளைவாக இருந்த அலை சதுரமாகும். சதுரமானதும் 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் புதிதாக முளைக்கும். உன் லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸை ஒழுங்காகக் கொடுக்கவே முடியாது. ஆனாலும் கிக் கேட்கும், இந்த மடங்குகளைக் கேட்டுக் காதே அடிநாதத்தை ஊகித்துக்கொள்கிறது.

இப்போது இரண்டையும் சேர்த்தால் குழம்பிவிடும். இங்கேதான் எல்லாரும் ஒலியைக் கூட்டுகிறார்கள். கூட்டாதே, குறை. இயந்திர ஓசையில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டி எறி, அந்த இடம் கிக்குக்கு. கிக் விழும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஒரு கணம் தணிந்து வழிவிடும்படி செய், மிக்சிங்காரர்கள் இதை 'சைட்செயின்' என்பார்கள். இரைச்சல் மூச்சு வாங்குவது போலக் கேட்கும். அதுதான் உனக்கு வேண்டியது. எட்டாவது சுற்றில் கிக்கை மொத்தமாக நிறுத்திப் பார். இல்லாத அடிக்குத் தலை ஆடினால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாய்.

கேள்வி: இதைத் தினமும் ஹெட்போனில் கேட்டால் காது கெட்டுப்போகுமா?
– ஓர் இல்லத்தரசி

பதில்: வகை எதுவானாலும் அளவும் நேரமும்தான் கணக்கு. அமெரிக்காவின் தொழில்நலப் பரிந்துரைப்படி 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி நேரம், 91க்கு இரண்டு. இப்படியே போனால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். இந்த இசையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மற்றப் பாட்டில் ஒலி அதிகமானால் ஸ்பீக்கர் பிளிறிக் காட்டிக்கொடுத்துவிடும். இது பிறக்கும்போதே பிளிறலோடு பிறந்தது, ஆகவே எச்சரிக்கை மணி அடிக்காது. கேட்டு முடித்தபின் காதில் 'கீ' என்றால் அன்று அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். நிகழ்ச்சிக்குப் போனால் காதடைப்பான் அவசியம். ஸ்பாஞ்சு வகை மேல் ஒலிகளை அதிகம் விழுங்கிவிடும், இசைக்கலைஞர்களுக்கென்று வரும் ஃபில்டர் வகை எல்லாவற்றையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். இளமைத் திமிரில் எதுவும் போடாமல் மேடையோரம் நின்ற புண்ணியத்தில் என் இடது காதில் ஒரு கொசு நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

கேள்வி: சென்ற இதழில் ரோலண்ட் டிஆர்-808 என்ற மின்னணுத் தாளக் கருவியின் சிம்பல் ஓசை வெள்ளை இரைச்சலிலிருந்து ('ஸ்ஸ்' என்ற ரேடியோ இரைச்சல் போன்றது) வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். சரிதானா?
– எலெக்ட்ரானிக்ஸ் படித்த வாசகர்

பதில்: தவறு. 1980இல் வந்த அந்தக் கருவியில் சிம்பலும் ஹை-ஹேட்டும் ஒன்றுக்கொன்று சேராத ஆறு சதுர அலைகளைக் கலந்து செய்யப்படுகின்றன. இரைச்சல் வருவது ஸ்னேரிலும் கைதட்டலிலும். மாற்றி எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.