கடலைப் பருப்பு பார்க்க நன்றாக இருந்தும் அஃப்ளாடாக்சின் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்

கேள்வி: செஞ்சிப் பக்கம் 3 ஏக்கரில் நிலக்கடலை. காயை உடைத்துப் பருப்பாக ஒரு கடலை மிட்டாய் கம்பெனிக்குக் கொடுத்தேன். சோதனையில் அஃப்ளாடாக்சின் 38 என்று சொல்லி மூட்டைகளைத் திருப்பிவிட்டார்கள். பருப்பு பளிச்சென்றுதான் இருக்கிறது. உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்க, முந்தின நாள் காயில் தண்ணீர் தெளித்து மூடி வைத்தோம், எல்லோரும் செய்வதுதான். திரும்பவும் வெயிலில் போட்டால் சரியாகுமா? இல்லை, செக்கில் ஆட்டி எண்ணெயை வீட்டுக்கும் பிண்ணாக்கை மாட்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வணக்கம் ஐயா. அந்த எண்ணெயும் வேண்டாம், அந்தப் பிண்ணாக்கும் வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூட்டைகள் உங்கள் வீட்டில்தான் இருக்கின்றன.

அஃப்ளாடாக்சின் என்பது ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற மஞ்சள் கலந்த பச்சைப் பூசணம் உண்டாக்கும் நஞ்சு. நாள்பட உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோயைக் கொண்டுவரும். வெயிலில் போட்டால் ஈரம் போகும், பூசணம் மேலும் வளராது; ஏற்கெனவே பருப்புக்குள் இறங்கிய நஞ்சு அங்கேயே இருக்கும். வறுத்தாலும் கொஞ்சம் குறையுமே தவிர முழுதாகப் போகாது. அதனால்தான் மிட்டாய்க்காரர் வறுப்பதற்கு முன்பே சோதிக்கிறார். நம் நாட்டு விதிப்படி, மேற்கொண்டு பக்குவப்படுத்தப் போகும் கடலையில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அப்படியே சாப்பிடுவதில் 10 மைக்ரோகிராம்தான் உச்சவரம்பு. ஐரோப்பாவில் நேரடியாக உண்ணும் கடலைக்கு 4தான். உங்களுடையது 38.

பளிச்சென்று இருக்கும் பருப்பில் எப்படி வந்தது என்று கேட்டால், எல்லாப் பருப்பிலும் வந்திருக்காது. மூட்டையில் பெரும்பாலான பருப்பு சுத்தமாகவே இருக்கும். சுருங்கியது, நிறம் மங்கியது, உடைந்தது, பூச்சி துளைத்தது என்று ஒரு சிறு பங்கில் நஞ்சு குவிந்திருக்கும். பூசணம் நன்றாகப் பிடித்த ஒரே ஒரு பருப்பு சில கிலோ நல்ல பருப்பின் கணக்கையே கெடுத்துவிடும். சந்தேகமான பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள். இரண்டு பாதிக்கும் நடுவே இருக்கும் குழிவில் பச்சை பூத்திருப்பது சில நேரம் அப்போதுதான் தெரியும், மேல்தோல் சிவப்பாகவே இருக்கும். எதுவும் தெரியாமலும் நஞ்சு இருக்கலாம்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் அந்தத் தண்ணீர் மேல்தான். காயை 9 சதவீத ஈரத்துக்கும், பருப்பை 7 சதவீதத்துக்கும் கொண்டுவர வெயிலில் நாள்கணக்கில் பாடுபடுகிறோம். பிறகு ஒரே ராத்திரியில் தண்ணீர் தெளித்து, சாக்குப் போட்டு மூடி, அந்த உழைப்பை அழித்துவிடுகிறோம். ஈரப் பருப்பை உடைத்த கையோடு மூட்டை கட்டினால், நம் ஊர்ச் சூட்டில் பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? நொறுங்கினால் விலை குறையும் என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்கு வழி மிஷினில் இருக்கிறது. காயைப் பெரிது, சிறிது என்று சலித்துப் பிரித்து, காயின் அளவுக்கு ஏற்ற சல்லடையை மாற்றிப் போடச் சொல்லுங்கள். எல்லா அளவையும் ஒரே சல்லடையில் ஓட்டுவதால்தான் பாதி நொறுங்குகிறது. முடிந்தவரை காயாகவே இருப்பு வையுங்கள், ஆர்டர் வந்தபின் உடையுங்கள். ஓடு இருக்கும்வரை பருப்புக்கு அது கவசம்.

காய்ந்ததா என்று பார்க்க, காயைக் காதருகே வைத்து ஆட்டுங்கள், கலகலவென்று சத்தம் வர வேண்டும். பருப்பை விரலால் தேய்த்தால் சிவப்புத் தோல் உரிந்து வர வேண்டும். அடுத்த முறை பிடுங்கிய செடியைக் குவித்து வைக்காமல், காய் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் பரப்பிக் காயவிட்டு, அப்புறம் காயை ஆயுங்கள்.

வயலிலேயே தொற்று தொடங்குவதும் உண்டு. கடைசி ஒரு மாதம் மண் காய்ந்து சூடேறினால், பூமிக்குள் இருக்கும் காயிலேயே பூசணம் நுழையும். கிணற்றில் இருப்பது கொஞ்சம் தண்ணீர்தான் என்றால், அதில் ஒரு பாய்ச்சலை அந்தக் கடைசி மாதத்துக்கு ஒதுக்குங்கள். 40–45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தால் ஓடு திடமாகும். விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணத்தில் கலந்து விதையுங்கள்.

இப்போது பிண்ணாக்கு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைத் தீவனமாகப் போட்டிருந்தார்கள். அதைத் துருவிப் போனபோதுதான் இந்த நஞ்சே கண்டுபிடிக்கப்பட்டது. செக்கில் ஆட்டினால் நஞ்சில் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும், சுத்திகரிக்காத எண்ணெயிலும் ஒரு பகுதி வரும். மாடு தின்ற ஒரே நாளில் அது எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கும். அந்தப் பாலை வீட்டில் முதலில் குடிப்பது குழந்தைதான். காய்ச்சினாலும் போகாது. ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள், சில நாட்களில் பால் தெளிந்துவிடும்.

கையில் இருக்கும் பருப்பை என்ன செய்வது? மறுபடி நன்றாகக் காயவைத்து, சலித்து, கெட்டது, சுருங்கியது, உடைந்தது அத்தனையையும் கையால் பொறுக்குங்கள். பொறுக்குபவர்கள் மூக்கில் துணி கட்டிக்கொள்ளட்டும். கழித்ததைக் கோழிக்குக்கூடப் போடாமல் ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள். நல்ல மூட்டையோடு கலந்து நஞ்சின் அளவைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அதைத் தின்னப்போவதும் நம் பிள்ளைகள்தான். பொறுக்கிய பிறகு மறுசோதனை செய்யுங்கள். ஒரு மூட்டையில் ஒரு கை அள்ளிக் கொடுத்தால் முடிவு ஏறுக்குமாறாக வரும். எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்து, சில கிலோவாகச் சேர்த்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து மாதிரி கொடுங்கள். 15க்குள் வந்தால் மிட்டாய் கம்பெனி போலப் பக்குவப்படுத்துபவர்களுக்குத் தாராளமாக விற்கலாம். வரவில்லை என்றால் அந்த மூட்டைகள் எந்த வாய்க்கும் போகக்கூடாது.