அந்த இரண்டு மதிப்பெண்

வணக்கம் சார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், மகன் ஒன்றாம் வகுப்பில் சேரப் போகிறான். இருவரையும் அந்தப் பெரிய பள்ளியில் சேர்த்துவிட வேண்டும், நுழைவுத் தேர்வில் மகள் இரண்டு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டு விடுவாளோ என்று தூக்கமே வருவதில்லை என்கிறீர்கள். உங்கள் மனைவிக்கோ வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியே போதும். கடிதத்தில் அந்தப் பள்ளியின் பெயர் ஏழு இடத்தில் வருகிறது. மகளின் பெயர் ஒரே ஒரு முறை. மகனின் பெயர் வரவே இல்லை. குறை சொல்ல எண்ணவில்லை. பள்ளி தேர்வு செய்யும் பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் இந்தத் தொழிலில் இருந்தால் இப்படி எண்ணிப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது.

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த இரண்டு மதிப்பெண்ணைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே இடம் கிடைத்தால் ஊரே பேசும். அந்தப் பள்ளிகளில் நூலிழையில் இடம் பிடித்தவர்களையும் நூலிழையில் தவறவிட்டவர்களையும் பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 2014 இல் வெளிவந்தது. உள்ளே போனவர்களுக்குக் கெட்டிக்காரச் சகமாணவர்கள் கிடைத்தார்கள், உண்மைதான். ஆனால் பிறகு எழுதிய தேர்வுகளில் இரண்டு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்தப் பள்ளிகளின் ரிசல்ட் பளபளப்பதில் பெரும்பங்கு, உள்ளே எடுக்கும்போதே பொறுக்கி எடுத்ததால் வருவது.

அதற்காக எந்தப் பள்ளியானாலும் ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. சிகாகோவில் குலுக்கல் முறையில் உயர்நிலைப் பள்ளி இடம் பெற்ற மாணவர்களைப் பற்றி 2006 இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கும் மதிப்பெண்ணில் பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் ஒழுங்கு நடவடிக்கையில் மாட்டியதும், கைதானதும் குறைந்திருப்பதாக அந்தப் பிள்ளைகளே சொன்னார்கள். எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. மார்க் ஷீட்டில் வராது, அவ்வளவுதான்.

சரி, இப்போது உங்களைக் கொஞ்சம் சங்கடப்படுத்தப் போகிறேன். என்னிடம் வரும் பெற்றோருக்கு முதலில் ஒரு வெள்ளைத் தாள் கொடுப்பேன். பள்ளியிடம் எதிர்பார்க்கும் ஐந்து விஷயங்களை எழுதச் சொல்வேன். எழுதி முடித்ததும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இது யாருக்கு?' என்று எழுதச் சொல்வேன். முதல் பாதி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த பாதியில்தான் பேனா நிற்கும்.

ஒரு அப்பா முதல் வரியிலேயே 'மேடை பயம் போக வேண்டும்' என்று எழுதினார். நாடகம், பேச்சுப் போட்டி என்று அமர்க்களப்படும் ஒரு பள்ளியைத் தேர்வு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவர் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலியில் அவருடைய பத்து வயது மகள் என் மேஜையிலிருந்த பால்பாயின்ட் பேனாவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஸ்பிரிங்கை இழுத்துப் பார்த்தாள், தலைகீழாகப் போட்டுப் பார்த்தாள், அப்படிப் போட்டாலும் வேலை செய்கிறது என்று தெரிந்ததும் தனக்குள் சிரித்துக்கொண்டாள். 'மேடை பயம்' என்பதற்குப் பக்கத்தில் 'யாருக்கு' என்று வந்தபோது, அந்த மனிதர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு 'எனக்கு' என்று எழுதினார். அலுவலகக் கூட்டத்தில் வாய் திறக்க முடியாமல் இருபது வருடம் ஓட்டியவர் அவர். அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு முதலில் தேவைப்பட்டது, கழற்றிப் பார்க்க விடும் ஒரு ஆய்வகமும், கேள்வி கேட்டால் எரிச்சல்படாத ஒரு ஆசிரியரும்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு! சின்ன வயதில் நான் படிக்க ஏங்கியது போன்ற ஒரு பள்ளியில் என் மூத்தவனைச் சேர்த்தேன். மூன்றாவது வருடம் வெளியே எடுத்தேன்.

பிள்ளைக்கு எந்த வகைக் கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கே உண்டு என்று 1948 இன் உலக மனித உரிமைப் பிரகடனம் 26 ஆம் பிரிவில் சொல்கிறது. இதைச் சொன்னால் எல்லாப் பெற்றோரும் தலையாட்டுவார்கள். 1989 இல் வந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12 ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்கபடி அந்தக் கருத்துக்கு மதிப்புப் பெறவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. இதற்குத் தலையாட்டுபவர்கள் குறைவு. உங்கள் மகளுக்குப் பதினோரு வயது. அவளிடம் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை.

இன்னொன்று. உங்கள் மகள் இரண்டு மதிப்பெண்ணில் தப்பித்து உள்ளே போய்விடுகிறாள் என்றே வையுங்கள். அப்படியானால் அந்த வகுப்பில் அவள் கடைசிப் பெஞ்சு மதிப்பெண்ணோடுதான் தொடங்குவாள். இப்போதைய பள்ளியில் முதல் மூன்று பேரில் ஒருத்தி என்கிறீர்கள். ஹெர்பர்ட் மார்ஷ், ஜான் பார்க்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1984 இலேயே இதைப் பற்றி எழுதினார்கள்: ஒரே அளவு திறமையுள்ள பிள்ளை, கெட்டிக்காரர்கள் நிறைந்த வகுப்பில் தன்னைக் குறைத்து மதிப்பிட்டுக்கொள்கிறது. சில பிள்ளைகளுக்கு அந்தப் போட்டியே உற்சாகம். சிலர் சுருங்கிப் போவார்கள். உங்கள் மகள் எந்த ரகம் என்று உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும்தான் தெரியும்.

ஆகவே பள்ளிக்குப் போகும்போது முதலிடம் வாங்கியவர்களின் போட்டோவைப் பார்த்து நிற்காதீர்கள். 'கணக்கில் பின்தங்கும் பிள்ளைக்கு அடுத்த வாரம் இங்கே என்ன நடக்கும்?' என்று கேளுங்கள். யார், எந்த நேரத்தில், எவ்வளவு நாள் சொல்லிக்கொடுப்பார் என்று பதில் வந்தால் நல்லது. 'எங்கள் பிள்ளைகள் பின்தங்குவதே இல்லை' என்று வந்தால், எழுந்து வந்துவிடலாம். எந்த வகுப்பிலும் பாதிப் பேர் கீழ்ப்பாதியில்தானே இருக்க முடியும்! நூறு சதவீதத் தேர்ச்சி என்றால், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், கடைசித் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். போன வருடம் எத்தனை ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்பதையும்.

திறந்த நாள், விழா நாள் எதுவும் வேண்டாம். ஒரு சாதாரண நாளில், பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே கால் மணி நேரம் நில்லுங்கள். பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள், வழியில் ஆசிரியரைப் பார்த்தால் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். உள்ளே போக முடிந்தால் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். முப்பது படத்திலும் ஒரே சூரியன், ஒரே வீடு, ஒரே மரம் என்றால் வரைந்தது யார் என்று புரிந்துவிடும். கழிப்பறையைக் கண்டிப்பாகப் பாருங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தூரத்தைப் பற்றி ஒரே கணக்கு. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்கிறீர்கள். வருடத்துக்கு 200 நாள் என்று வைத்தாலே 400 மணி நேரம் வண்டியில். உங்கள் மனைவி சொல்வதில் பாதி நியாயம் இதிலேயே இருக்கிறது.

மகன் விஷயம் சுலபம். இருவரும் ஒரே பள்ளி என்றால் கொண்டுபோய்விட, கூட்டிவர வசதி. அந்த வசதி சின்ன விஷயமில்லை. ஆனாலும் அக்காவின் கட்-ஆஃபை வைத்து ஆறு வயதுப் பையனின் பள்ளியை முடிவு செய்யாதீர்கள். அவனுக்கு இப்போதைக்கு ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் யார் என்பதும், எவ்வளவு தூரம் என்பதும் போதும். மற்றதை ஆறாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பத்துக்கு இன்னும் 2 வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் நீங்களும் உங்கள் மனைவியும் அந்தத் தாளைத் தனித்தனியாக எழுதுங்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல். அடுத்த சந்திப்புக்கு இரண்டு தாள்களையும் கொண்டு வாருங்கள். மகளையும் கூட்டி வாருங்கள். அவளிடம் நான் பேசும் அரை மணி நேரம் நீங்கள் இருவரும் வெளியே உட்கார வேண்டியிருக்கும், பரவாயில்லையா?